எசமான் ஊற்றிய விஸ்கி: ஃபிரெடரிக் டக்ளஸின் வாழ்வில் மது

1834ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், எட்வர்ட் கோவி என்பவரின் பண்ணையில் ஃபிரெடரிக் பெய்லி என்னும் பதினாறு வயது அடிமையின் ஓராண்டு வாடகைக் காலம் முடிந்தது. அடங்க மறுக்கும் அடிமைகளை அடித்துப் பணியவைத்துத் திருப்பி அனுப்புவதில் கோவி அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவர். அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் ஃபிரெடரிக் திருப்பி அடித்தார்; அதன்பிறகு கோவி அவர்மீது கைவைக்கவில்லை. அடுத்த எசமானிடம் வேலைக்குச் சேரவேண்டிய நாள் 1835 ஜனவரி 1. இடைப்பட்ட ஆறு நாட்களும் அவருக்குச் சொந்தம். அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பகுதியின் அடிமைகள் அனைவருக்கும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விடுமுறை. கால்நடைகளுக்குத் தீவனம் வைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பின்னாளில் ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த அந்த மனிதர், 1845இல் வெளியிட்ட தம் முதல் தன்வரலாற்றில் இந்த ஆறு நாட்களுக்கென்று தனியாகச் சில பக்கங்களை ஒதுக்கினார். சவுக்கடியையும் பட்டினியையும் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. அடிமைக்குக் கிடைத்த கொண்டாட்டத்தை அடிமைமுறையின் உறுப்பாகப் பிரித்துக் காட்டிய எழுத்து அரிது. கல்லூரியில் டக்ளஸை வாசிப்பவர்கள் கோவியுடனான சண்டையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வரும் விடுமுறைப் பகுதிதான் நமக்கு இன்னும் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

அந்த நாட்களில் நடந்ததை அவர் வகைபிரித்துச் சொல்கிறார். பொறுப்பும் உழைப்பும் உள்ளவர்கள் சோளத்தட்டையில் துடைப்பம் கட்டினார்கள். பாய், கூடை, குதிரைக்கான கழுத்துப்பட்டை செய்தார்கள். சிலர் முயல் வேட்டைக்குப் போனார்கள். தொலைவிலுள்ள பண்ணையில் குடும்பம் இருந்தவர்கள் அவர்களைப் பார்க்க நடந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பந்தாடினார்கள், மல்லுக்கட்டினார்கள், ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், பிடில் வாசித்து ஆடினார்கள், விஸ்கி குடித்தார்கள். எசமானர்களுக்கு மிகவும் உவப்பானது இந்தக் கடைசி வகை. விடுமுறையிலும் உழைக்கும் அடிமையை, எசமான் அளித்த சலுகைக்குத் தகுதியற்றவன் என்று பழித்தார்கள். கிறிஸ்துமஸில் போதையேறாமல் இருப்பது அவமானம். வருடம் முழுவதும் சிறுகச் சேர்த்து, அந்த வாரத்துக்குத் தேவையான விஸ்கியை வாங்க முடியாதவன் சோம்பேறி. உழைப்பின் கூலி முழுவதையும் பறித்துக்கொண்ட ஒரு சமூகம், எஞ்சிய சில்லறையை எதில் செலவழிப்பது மானம், எதில் செலவழிப்பது ஈனம் என்பதற்கும் விதி வகுத்திருந்தது.

எசமானர்கள் இதை வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை. மயங்கி விழாமல் அதிக விஸ்கி குடிக்கக்கூடியவன் யாருடைய அடிமை என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். இவ்வாறு கும்பல் கும்பலாக அடிமைகளைக் குடிக்கவைத்தார்கள். ஆறு நாட்கள் முடிந்து, புழுதியிலும் வாந்தியிலும் இருந்து எழுந்து வயலுக்கு நடக்கும்போது, எசமான் விடுதலை என்று பெயர்சூட்டிய அந்த நிலையைவிட அடிமைத்தனமே மேல் என்ற நிம்மதி பலருக்கு வந்தது. டக்ளஸின் வாதத்தின் மையம் இதுதான். சுதந்திரத்தின் மிக இழிந்த வடிவத்தை மட்டும் சுவைக்கக் கொடுத்து, சுதந்திரம் என்றாலே குமட்ட வைக்கும் ஏற்பாடு அது. விடுமுறையே இல்லாமல் போயிருந்தால் கிளர்ச்சி வெடித்திருக்கும் என்றும், கொதிகலனின் நீராவியை வெளியேற்றும் திறப்பைப் போல அந்த வாரம் பயன்பட்டது என்றும் அவர் கருதினார்.

இதே உத்தி வேறு பொருள்களிலும் கையாளப்பட்டதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். வெல்லப்பாகின் மீது ஆசைப்பட்டுக் கொஞ்சம் திருடிய அடிமைக்கு, எசமான் நகரத்திலிருந்து நிறைய வெல்லப்பாகு வாங்கி வருவார். சவுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டும்வரை உண்ண வைப்பார். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, உண்ணத்தகாத பொருளைப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ உண்ணும்படியும் குடிக்கும்படியும் வற்புறுத்துவதைக் குற்றப்பட்டியலின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெல்லப்பாகு நினைவுக்கு வரும். வாயில் திணிப்பதைச் சட்டம் குற்றமாகக் காண்கிறது. சிரித்துக்கொண்டே நீட்டப்படும் குவளையை எந்தப் பிரிவின்கீழ் கொண்டுவருவது?

டக்ளஸ் குடிக்காதவராக இருந்துகொண்டு குடித்தவர்களைப் பற்றி எழுதியவரல்லர். 1835 புத்தாண்டில் அவர் போய்ச் சேர்ந்த வில்லியம் ஃப்ரீலாண்ட், கோவியோடு ஒப்பிடக் கனிவானவர். தம் அடிமைகளுக்கு ஆப்பிள் பிராந்தி கொடுக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. சிலரால் தம் பங்கைக் குடித்துமுடிக்க முடியாது. டக்ளஸ் தம் பங்கோடு அவர்களுடையதையும் சேர்த்துக் குடித்தார். 1846 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பேசும்போது அவரே இதைக் கூட்டத்தினரிடம் சொல்லிச் சிரிக்கவைத்தார். பிராந்தி உள்ளே போனதும் தாம் ஒரு ஜனாதிபதி என்ற எண்ணம் வந்துவிடும் என்றார். பன்றிக்கொட்டிலில் படுத்துக்கிடந்தபடி, தன்னை முட்டிய பன்றிகளைச் சபைத்தலைவரின் மிடுக்கோடு அமைதிகாக்கும்படி அதட்டிய ஒரு குடிகாரரின் கதையையும் சேர்த்துக்கொண்டார். நகைச்சுவைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பிறந்த தேதிகூடத் தெரியாத, தந்தை யாரென்று அறியாத, பண்ணைக் கணக்கில் குதிரைகளோடும் பன்றிகளோடும் சேர்த்து மதிப்பிடப்பட்ட ஓர் இளைஞருக்கு, தலைநிமிர்ந்து நிற்பதாக உணர அந்தச் சூழலில் கிடைத்த மலிவான வழி அந்தக் கோப்பை. சேரியின் குடியைப் பற்றி ஒழுக்கப் பிரசங்கம் செய்பவர்கள் இந்தப் பெருமித உணர்வை ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

மதுவின் மறுமுகத்தையும் சிறுவயதிலேயே அவர் பார்த்திருந்தார். பிறந்த பண்ணையின் கங்காணி பிளம்மர் ஒரு மொடாக்குடியர். பெண்களின் தலையை வெட்டிப் பிளக்கும் கொடூரர். எட்டு வயதில் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்டின் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, சோஃபியா ஆல்டு அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார், கணவர் தடுத்தார். சில ஆண்டுகளில் ஹியூவை பிராந்தி மாற்றியது, சோஃபியாவை அடிமையுடைமை மாற்றியது என்று டக்ளஸ் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதுகிறார். கங்காணி குடித்தாலும் எசமான் குடித்தாலும் அது அவரவர் குணக்கேடு. அடிமை குடித்தால் அது அவன் இனத்தின் இயல்பு. அந்தக் காலத்து மேரிலாண்டில் மட்டும் நிலவிய கணக்கா இது? வன்கொடுமை வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் கேள்வி, தாக்கப்பட்டவர் அன்று குடித்திருந்தாரா என்பதுதான். தாக்கியவர்கள் குடித்திருந்தால், சாதி மறைந்து அது போதைத் தகராறு ஆகிவிடும். இரு திசையிலும் மது ஆதிக்கத்துக்கே சாட்சி சொல்கிறது.

ஃப்ரீலாண்டின் பண்ணையில் அவர் ஒரு ஞாயிறு பள்ளி நடத்தினார். ஹென்றி ஹாரிஸ், ஜான் ஹாரிஸ் என்ற இரு தோழர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதில் தொடங்கி, ஒரு கட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே படித்தார்கள். இடம், விடுதலை பெற்ற ஒரு கறுப்பினத்தவரின் வீடு. முன்பு செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் அவர் பங்கெடுத்த இதே போன்ற பள்ளியைத் தேவாலயப் பொறுப்பில் இருந்தவர்களே தடியோடு வந்து கலைத்திருந்தனர். ஆகவே இது இரகசியமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் மல்லுக்கட்டியும் விஸ்கி குடித்தும் பொழுதைக் கழிப்பதில் அந்த பக்திமான்களுக்கு மறுப்பில்லை. வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதில்தான் மறுப்பு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புத்தகமும் பாட்டிலும் அடிமையின் கைக்கு எட்டக்கூடியவையாக இருந்தன. அவற்றில் எதற்குத் தடை, எதற்கு அனுமதி என்பதை மட்டும் பார்த்தாலே அந்த ஆட்சியின் தன்மை விளங்கிவிடும். அந்தப் பள்ளியைச் சுற்றி உருவான நட்புகளிலிருந்தே 1836இன் தப்பியோடும் திட்டம் பிறந்தது. அது காட்டிக்கொடுக்கப்பட்டு, அவர் சிறைப்பட்டு, மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார். கப்பல் பட்டறையில் உழைத்த கூலியை வாராவாரம் ஹியூ ஆல்டிடம் ஒப்படைத்துவந்தவர், 1838 செப்டம்பர் 3 அன்று கடலோடியின் உடையில் ரயிலேறித் தப்பினார்.

விடுமுறை பற்றிய அவருடைய மதிப்பீட்டை முழுமையாக ஏற்கவேண்டியதில்லை. 1855இல் வெளிவந்த இரண்டாம் தன்வரலாற்றில் அவரே அதைச் சற்று விரிக்கிறார்; அந்த ஆட்டங்களுக்கு நடுவே எசமானர்களின் கஞ்சத்தனத்தைக் குத்திக்காட்டும் பாடல்களும் பாடப்பட்டன. அதே கிழக்குக் கரையில், 1854 கிறிஸ்துமஸில், ஹாரியட் டப்மன் தம் சகோதரர்கள் மூவரை அடிமைத்தளையிலிருந்து அழைத்துச் சென்றார். உறவினரைப் பார்க்க நடமாடுவது இயல்பாக இருந்த நாட்கள் அவை என்பதே அவருக்குத் துணை நின்றது. எசமான் திறந்துவிட்ட கதவு வழியாக எசமான் எண்ணாத இடத்துக்கும் போக முடிந்திருக்கிறது. டக்ளஸ் சாதாரண அடிமைகளின் களிப்பைக் கொஞ்சம் கடுமையாகவே எடைபோட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

வட மாநிலங்களுக்கு வந்தபிறகு, குடியைக் கைவிட்ட கறுப்பின மக்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை அவர் கண்டார். வெள்ளையர்களின் மது ஒழிப்புச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்கள் தனிச் சங்கங்கள் அமைத்தார்கள். 1842 ஆகஸ்ட் 1 அன்று, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை விடுதலை நாளையொட்டி, பிலடெல்பியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் மது ஒழிப்புப் பதாகைகளோடு ஊர்வலம் போனார்கள். வெள்ளையர் கும்பல் ஒன்று, பெரும்பாலும் ஐரிஷ் குடியேறிகள், அவர்களைத் தாக்கியது. வீடுகள் சூறையாடப்பட்டன, ஒரு தேவாலயமும் ஸ்மித் மண்டபமும் எரிக்கப்பட்டன. விசாரித்த கிராண்ட் ஜூரி, ஊர்வலம் போனவர்களே ஆத்திரமூட்டினார்கள் என்று பழியைத் திருப்பியது. குடித்திருந்தால் இழிவானவர்கள் என்பார்கள். குடிக்காமல், வெள்ளைச் சட்டையோடு, வரிசையாக, பட்டப்பகலில் பொதுத்தெருவில் நடந்ததுதான் இங்கே தாங்க முடியாததாக இருந்தது. பொதுத்தெருவில் ஊர்வலம் போகும் உரிமைக்காக இரத்தம் சிந்திய வரலாறு கொண்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாண்டுகள் கழித்து டக்ளஸ் அயர்லாந்தில் இருந்தார். முதல் தன்வரலாறு வெளியானதும் எசமானின் பெயர் உட்பட எல்லாம் அம்பலமாகிவிட்டதால், பிடிபடாமல் இருக்கக் கடல்கடந்திருந்தார். 1845 அக்டோபரில் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற கத்தோலிக்கப் பாதிரியாரைச் சந்தித்தார். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் மக்களிடம் மதுவருந்தா உறுதிமொழி வாங்கியதாகக் கணக்குச் சொல்லப்பட்டவர் அவர். டக்ளஸும் அவர்முன் உறுதிமொழி எடுத்து, ஒரு வெள்ளிப் பதக்கம் பெற்றார். தம்மைச் சமமாக உட்காரவைத்து உபசரித்த அந்த நாட்டில், நிறத்தின் பெயரால் யாரும் முகம்சுளிக்கவில்லை என்பதை வியப்போடு கடிதங்களில் பதிந்தார். பிலடெல்பியாவில் மது ஒழிப்பு ஊர்வலத்தைத் தாக்கியவர்களின் தாய்நாடு, மது ஒழிப்புக்காகவே ஒரு கறுப்பினத்தவரின் மார்பில் பதக்கம் அணிவித்தது.

அங்கேதான் அவர் ஒரு சறுக்கலையும் சந்தித்தார். உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவத் தொடங்கிய ஆண்டு அது. டப்ளின் தெருக்களில் கண்ட பிச்சையெடுக்கும் குழந்தைகளையும் சன்னலில்லாக் குடிசைகளையும் பற்றி 1846 பிப்ரவரியில் வில்லியம் லாயிட் கேரிசனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த வறுமைக்கு உடனடியான காரணமாக, ஒருவேளை முதன்மையான காரணமாகவும், குடிப்பழக்கத்தையே சுட்டினார். அடிமையின் விஸ்கிக்குப் பின்னால் நின்ற எசமானைத் துல்லியமாகக் கண்டுபிடித்த கண்கள், ஐரிஷ் குடியானவரின் விஸ்கிக்குப் பின்னால் நின்ற நிலவுடைமையாளரையும் குத்தகையையும் ஆங்கிலேய ஆட்சியையும் தேடவில்லை. வரவேற்ற புரவலர்களின் பார்வை அவரிடமும் தொற்றியிருக்கலாம். பிரிட்டிஷ் மேடைகளில் ஒருபடி மேலே போய், உலகம் தெளிந்திருந்தால் அடிமைமுறையே இருந்திராது என்றும் வாதிட்டார். அவருடைய சொந்த நூலே இதற்கு மறுப்பு. கோவி தவறாமல் ஜெபம் செய்தவர். தாமஸ் ஆல்டு மதக்கூட்டத்தில் மனந்திரும்பியபிறகு முன்னைவிடக் கொடியவரானார். தெளிந்த புத்தியோடுதான் அவர்கள் சவுக்கை எடுத்தார்கள்.

ஆனால் மது ஒழிப்பு மேடைகளின் இரட்டை வேடத்தை அவர் சும்மா விடவில்லை. 1846 ஆகஸ்டில் இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் நடந்த உலக மது ஒழிப்பு மாநாட்டுக் கூட்டத்தில், அமெரிக்கப் பேராளர்கள் தங்கள் நாட்டின் சாதனைகளை அடுக்கியபிறகு டக்ளஸ் எழுந்தார். முப்பது லட்சம் அடிமைகளை அந்த இயக்கம் எட்டவே முடியாது என்பதையும், கறுப்பினத்தவர் சங்கங்களிலிருந்து விலக்கப்பட்டதையும், பிலடெல்பியாத் தாக்குதலையும் எடுத்துரைத்தார். பேராளர்கள் கொதித்தார்கள். சாமுவேல் காக்ஸ் என்ற பாதிரியார், மாநாட்டின் ஒற்றுமையைக் கெடுத்ததாக நியூயார்க் ஏடு ஒன்றில் தாக்கி எழுதினார். டக்ளஸ் பகிரங்கக் கடிதத்தில் வரிக்குவரி பதிலளித்தார். இன்னொரு காயம் 1849இல் வந்தது. அமெரிக்காவுக்கு வந்த மேத்யூ பாதிரியார், முன்பு அடிமைமுறைக்கு எதிரான ஐரிஷ் வேண்டுகோளில் கையெழுத்திட்டிருந்தபோதும், மது ஒழிப்புப் பணிக்கு இடையூறாகும் என்று அதைப் பற்றி வாய்திறக்க மறுத்தார். தமக்குப் பதக்கம் தந்தவரைத் தம் ஏட்டில் வருத்தத்தோடும் கண்டிப்போடும் விமர்சிக்கும் நிலை டக்ளஸுக்கு வந்தது.

நம் பக்கத்தில் இதற்கு ஓர் இணை உண்டு. 1873இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்கு ஜோதிராவ் புலே காணிக்கையாக்கினார். அதே புலே புனே நகராட்சி உறுப்பினராக இருந்தபோது, 1880இல் சாராயக் கடைகள் பெருகுவதை எதிர்த்து எழுதினார். ஆயினும் குடியை விட்டால் சாதி போய்விடும் என்று சொல்லும் பிழையை அவர் செய்யவில்லை. பள்ளிக்கூடம் அவருடைய முதல் கோரிக்கையாக இருந்தது.

தம் கடைசி ஆண்டுகளில் டக்ளஸ் மீண்டும் மதுவைப் பற்றிய ஒரு சொல்லாடலோடு மோதவேண்டி வந்தது. அமெரிக்கப் பெண்கள் மது ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவரான ஃபிரான்சஸ் வில்லார்ட், 1890இல் அளித்த ஒரு நேர்காணலில், கறுப்பினத்தவர் வெட்டுக்கிளிகளைப் போலப் பெருகுவதாகவும், சாராயக் கடையே அவர்களுடைய அதிகார மையமென்றும், தென்மாநிலங்களில் பெண்களின் பாதுகாப்பு அச்சுறுத்தப்படுவதாகவும் சொல்லியிருந்தார். தெற்கில் கறுப்பின ஆண்களைக் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. குடிகாரக் கறுப்பன் என்ற படிமம் அந்தக் கொலைகளுக்கு நியாயம் கற்பித்தது. 1894 ஜனவரி 9 அன்று வாஷிங்டனின் மெட்ரோபாலிட்டன் ஏ.எம்.இ. தேவாலயத்தில் ஆற்றிய நீண்ட உரையில், இந்தப் பழியைப் பரப்பியோரின் வரிசையில் பேராயர்களோடும் ஆளுநரோடும் வில்லார்டின் பெயரையும் டக்ளஸ் சேர்த்தார். போர்க்காலத்தில் ஆண்கள் படையில் இருக்க, தெற்கின் வெள்ளைப் பெண்கள் அடிமைகளின் பாதுகாப்பில் இருந்தபோது எழாத குற்றச்சாட்டு, கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்றபிறகு ஏன் எழுகிறது என்று கேட்டார். அந்த ஆண்டே ஐடா பி. வெல்ஸ் வில்லார்டின் நேர்காணலை பிரிட்டனில் மறுபதிப்புச் செய்யவைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று, பகலில் வாஷிங்டனில் பெண்ணுரிமைக் கூட்டமொன்றில் கலந்துகொண்டுவிட்டு சீடர் ஹில் இல்லத்துக்குத் திரும்பிய டக்ளஸ், அன்று மாலை மனைவி ஹெலனிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் சரிந்து விழுந்து இறந்தார்.